கம்ப்யூட்டரில் கடல் வந்த வருடம்

என் வயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேர் நரையை மருதாணியில் மறைத்துக்கொண்டு, கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான். போன வாரம் என் மகள் கைபேசியில் ஏதோ ஒரு விளையாட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அம்மா, தண்ணியப் பாரேன்" என்றாள். பார்த்தேன். அலை புரள்கிறது, வெயில் மின்னுகிறது, பாறையில் மோதி நுரைக்கிறது. நான் கேட்ட முதல் கேள்வி, "சூடாகலையா?" என்பது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தண்ணீர் சும்மா வந்துவிடும் என்று நினைக்கிற பிள்ளை. நமக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு வாளித் தண்ணீர் வேண்டுமென்றாலும் கெஞ்ச வேண்டும், கேபினெட்டைத் தட்ட வேண்டும், அது செத்துப் பிழைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உண்மையாகவே செத்துப் பிழைத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை. சித்திரை பிறந்ததும் எங்கள் தூத்துக்குடிக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். நாற்பத்தைந்து நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. என் அப்பா விசைப்படகு டிரைவர். மற்ற மாதங்களில் விடிவதற்கு முன் போய், நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு வருவார். டீசல் வாசம் வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான் எனக்கு அவரைத் தெரியும். தடைக்காலத்தில் மட்டும் முழு மனிதராக வீட்டில் இருப்பார். பகலில் பாதி நேரம் படகு இஞ்சினைப் பிரித்துப்போட்டு வேலை பார்ப்பார். மீதி நேரம் வீட்டில் நன்றாக இருக்கிற மிக்சி, குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு வேலை பார்ப்பார்.

அந்தத் தடைக்காலத்தின் முதல் வாரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கியது கம்ப்யூட்டர். அப்பாவின் மடியில், பழைய கைலியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி வந்தது. படகு முதலாளியை நாங்கள் சம்மாட்டி என்போம். சம்மாட்டி வீட்டில் புதுசு வாங்கிவிட்டார்களாம், பழசை "பிள்ளைக்கு எடுத்துட்டுப் போங்க டிரைவர்" என்று கொடுத்துவிட்டாராம். வெள்ளையாக இருந்த கேபினெட் பல் தேய்க்காதவன் பல் நிறத்துக்கு வந்திருந்தது. திருகாணிகளைச் சுற்றி எல்லாம் துரு. எங்கள் ஊர்க் காற்றில் எந்த இரும்பும் மானத்தோடு பிழைக்க முடியாது. மானிட்டர் சுவிட்சைப் போட்டால் 'ணொய்' என்று ஒரு சத்தம் வரும், பிறகு ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம் கழித்துத்தான் படம் வரும். கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடி எல்லாம் எழுந்து நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? நான் அதை நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தேன்.

அதற்குள் சம்மாட்டி மகன் விட்டுப்போன ஒரு விளையாட்டு இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஒரு தீவு நகரம், அதில் யார் காரையும் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகலாம். அப்போதே அது பழைய விளையாட்டுதான். தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் காரை எடுத்துக்கொண்டு போலீசிடம் அடி வாங்கினார்கள். எனக்குக் கார் வேண்டாம். படகுத்துறையில் ஒரு படகு நின்றது, யாரையும் கேட்காமல் ஏறலாம். நான் ஏறினேன், ஓட்டினேன், இறங்கவே இல்லை.

ஏன் என்று எங்கள் கரைக்காரர்களுக்குப் புரியும். எங்கள் பக்கம் பெண்கள் படகில் ஏறுவதில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. படகுக்கு மஞ்சள் அடித்தாலும் பச்சை அடித்தாலும் நாங்கள் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். அப்பா ஓட்டுகிற படகில் என் கால் ஒரு தடவைகூடப் பட்டதில்லை. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆறாத கோபம்.

ஒருநாள் மத்தியானம் அப்பா என் பின்னால் வந்து நின்றார். நான் அந்த விளையாட்டுப் படகைக் கடலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏளா, இது என்னது?"

"கடல்ப்பா."

"இதா? மொட்டமாடிக்கு நீலப் பெயிண்ட் அடிச்ச மாதிரில்லா இருக்கு!"

நான் கை தவறிப் படகை மோதினேன். கதாநாயகன் தண்ணீரில் விழுந்தான், விழுந்ததும் செத்துப்போனான். அந்த ஆளுக்கு நீச்சல் தெரியாது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீச்சல் தெரியாத பயலுக்கு என்னத்துக்குளா போட்டு?" என்று சமையற்கட்டில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வாயில் படகு எப்போதும் 'போட்டு'தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நிஜப் போட்டுல ஏத்த மாட்டிய, இதையும் சிரிக்கிய" என்று கத்தினேன். அப்பா சிரிப்பை நிறுத்தினார். சமாதானம் சொல்லத் தெரியாத மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"சரி, அழாத. இது என்னைக்குக் கடல் மாதிரி ஆகுதோ, அன்னைக்கு ஒன்ன நம்ம போட்டுல ஏத்திட்டுப் போறேன். அலை அசையணும். வெயில் மின்னணும். போட்டு போனா பின்னால வெள்ளையா நுரை விடணும். நான் பாத்து இது கடல்தான்னு சொல்லணும்."

ஆகவே ஆகாது என்ற தைரியத்தில் சொன்னார். சமையற்கட்டு வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள். "பொம்பளப் பிள்ளைய போட்டுல ஏத்துவியளோ? ஊரு சிரிக்கும்" என்றாள். அப்பா, "தடைக்காலம் முடியுறதுக்கு மொத நாளு வெள்ளோட்டம் விடுவோம். அன்னைக்கு மீன் புடிக்கிற சோலி கெடையாது. அதுக்குள்ள ஆச்சுன்னா பாப்போம்" என்று சொல்லி வெளியே போய்விட்டார். எனக்கு ஒரு மாதம் சொச்சம் இருந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணாச்சி பிரவுசிங் சென்டர் வைத்து, கம்ப்யூட்டர் ரிப்பேரும் பார்த்துவந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், சலவைச் சட்டை, ஒவ்வொரு வார்த்தையும் அளந்து பேசுவார். அவரிடம் போய், "விளையாட்டுல கடல நல்லாக்க முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். முடியும் என்றார். விளையாட்டின் உள்ளே புகுந்து பழைய படங்களை எடுத்துவிட்டு நல்ல படங்களை வைத்தால் போதும், உலகம் முழுக்கப் பையன்கள் அப்படிச் செய்து சும்மாவே கொடுக்கிறார்கள், அதற்கு மோட் என்று பெயர் என்றார். ஒரு தண்ணீர் மோடைத் திரையில் காட்டவும் செய்தார். அலை, வெயில், நுரை, அப்பா கேட்ட மூன்றும் இருந்தன. நான் நாற்காலியிலிருந்து குதித்தேன்.

அண்ணாச்சி ஒரு கையைத் தூக்கினார். "ஆனா பாப்பா, ஒங்க வீட்டு டப்பாவுக்கு அது தாங்காது." கெட்ட செய்தி சொல்லும்போது சில டாக்டர்கள் முகத்தில் ஒரு திருப்தி வருமே, அது வந்தது. மெமரி பத்தாது, கிராபிக்ஸ் கார்டே கிடையாது, ஏற்றினால் நின்றுவிடும் என்று அடுக்கினார். நான் அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் என் தொல்லை தாங்காமல் சிடியில் போட்டுக் கொடுத்தார், கழித்துப்போட்ட சாமான் பெட்டியிலிருந்து விசிறி சுற்றாத ஒரு பழைய கார்டையும் தேடி எடுத்து, வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தார். "ஓடாது, ஆனா ஆசைக்கு வச்சுக்கோ" என்றார்.

ஓடவில்லைதான். விளையாட்டு திறக்கும்போது திரையில் ஓடுகிற பட்டை முக்கால்வாசி வரைக்கும் நிரம்பும், அப்படியே நிற்கும். பத்து தடவை, இருபது தடவை. எனக்குப் பொறுமை கிடையாது, கீபோர்டைக் குத்துவேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள், என் வகுப்புத்தான், எதற்கும் அவசரப்படாத ஜென்மம். அவள்தான் சிடியில் இருந்த ஆங்கிலக் குறிப்பை அகராதி வைத்து வரி வரியாக வாசித்தாள். படத்தின் அளவைக் குறைத்தோம், தூரத்தில் தெரிவதை வெட்டினோம், நிழல்களை அழித்தோம். விளையாட்டு திரையின் நடுவே தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. அப்போதும் பட்டை நின்றது.

நான் சிடியை உடைக்கப் போனேன். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். "நமக்கு வேண்டியது கடல்தான? ஊரு எதுக்குளா?"

யோசித்துப் பாருங்கள், பதிமூன்று வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி! அந்த நகரத்தின் கட்டடம், கடை, ரோடு, மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருந்தது, ஒவ்வொரு படமும் மெமரியைத் தின்றது. நாங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, பெயிண்ட் நிரலில் நகக்கணு அளவுக்குச் சுருக்கி, முழுக்க வெள்ளை அடித்தோம். இரண்டு வாரம் பிடித்தது. ஹோட்டல் வெள்ளை, ஆஸ்பத்திரி வெள்ளை, பனைமரம் வெள்ளை, போலீஸ் ஸ்டேஷன் வெள்ளை. விளையாட்டைத் திறந்தால் அந்தப் பணக்கார நகரம் முழுக்க எங்கள் ஊர் உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு மாதிரி நின்றது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் தரையில் உருண்டு சிரித்தோம். உப்புக்குவியல்களுக்கு நடுவே கதாநாயகன் பூப்போட்ட சட்டையோடு திருதிருவென்று முழித்தான்.

இப்போது பட்டை கடைசி வரைக்கும் போனது, ஆனால் போன கையோடு கேபினெட் கொதித்து அணைந்தது. கார்டில் விசிறி சுற்றாதே! கேபினெட்டைப் படுக்கப்போட்டு, பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, திறந்த வயிற்றுக்கு நேரே டேபிள் ஃபேனை வைத்தோம். மே மாத வெயிலில் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் அது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு சமைத்தாள். அவ்வப்போது வாசலில் வந்து நின்று, "என்ன, கடலு வந்துச்சா?" என்பாள். அது கிண்டல் என்றுதான் எனக்குப் பட்டது. பதில் சொல்ல மாட்டேன்.

தடைக்காலம் முடிய ஆறு நாள் இருந்தபோது, இஞ்சின் வேலை முடிந்து பெயிண்டும் அடித்த எங்கள் படகை ஜெபம் சொல்லி மந்திரிக்க மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்தார். எங்கள் பங்குச் சாமியார் வயதில் சின்னவர், புதிதாக வந்தவர், யார் என்ன கேட்டாலும் மறுக்கத் தெரியாது. படகை மந்திரித்துவிட்டுத் தீர்த்தச் செம்போடு தெரு வழியாகத் திரும்பியவரை அம்மா வழிமறித்தாள். அவர் காதருகே போய் என்னவோ வெகுநேரம் சொன்னாள். சொல்லும்போது கை எங்கள் கம்ப்யூட்டர் பக்கம் நீண்டது. சாமியார் சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

எந்த நேரம் பார்த்து வந்தார் தெரியுமா? பட்டை கடைசி வரை போய், கம்ப்யூட்டர் அணையாமல், முதல் தடவையாகத் திரையில் கடல் விரிந்த நேரம். தீப்பெட்டிக்குள் ஒரு அலை தூங்கியெழுந்தவன் போல மெல்லத் தலையைத் தூக்கியது. அதன் முதுகில் வெயில் மின்னியது. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒருத்தி கையை ஒருத்தி நெரித்துக்கொண்டிருந்தோம். பின்னால் சாமியார் ஜெபம் சொல்வது காதில் விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் மானிட்டருக்கு ஒரு தெளி, கீபோர்டுக்கு ஒரு தெளி. பிறகு திறந்து கிடந்த கேபினெட்டின் வயிற்றுக்குள், அதுதான் முக்கியமான இடம் என்று அவருக்கே பட்டதோ என்னவோ, தாராளமாக மூன்று தெளி.

'டப்' என்றது. கருகல் வாசம் வந்தது. கடல் போய்விட்டது.

டேபிள் ஃபேன் மட்டும் சுற்றியது. நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "நீதான் கொன்ன! வேணும்னே செஞ்ச! நான் போட்டுல ஏறக் கூடாதுன்னு சாமியார்ட்ட சொல்லிக் கொன்னுட்ட!"  அம்மா இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள், கையில் ஈரமே இல்லாதபோதும். அன்று நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சத்தம் கேட்டு அப்பா கொல்லையிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டார். கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாமியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி, தீர்த்தத்துல உப்பு போடுவியளா?"

சாமியார் முகம் வெளுத்திருந்தது. "மந்திரிக்கும்போது ஒரு சிட்டிகை போடுறதுண்டு, டிரைவர்."

"அப்ப நேரமில்ல" என்றார் அப்பா. "ஏளா, ஓடு. அண்ணாச்சிய திருப்புளியோட கூட்டிட்டு வா. அப்பிடியே பேட்டரித் தண்ணி ரெண்டு கேன்."

அண்ணாச்சி வந்து பார்த்துக் கையை விரித்தார். தண்ணீர் பட்ட போர்டு முடிந்தது, தூக்கிப்போடுங்கள் என்றார். அப்பா, "நீங்க கழத்தி மட்டும் குடுங்க" என்றார். கழற்றிக் கொடுத்த போர்டை அப்பா பிளாஸ்டிக் சட்டியில் வைத்து, மேலே பேட்டரித் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்ததும் அண்ணாச்சி அலறிவிட்டார். "என்ன செய்யுதிய டிரைவர்! தண்ணி பட்டுச்சுன்னு சொல்லுதேன், மேல தண்ணி ஊத்துதியளே!"

அப்பா நிமிரவில்லை. "அண்ணாச்சி, இஞ்சின் கடல்ல முங்கிட்டுன்னா நாங்க என்ன செய்வோம்? தொடச்சுக் காய வைக்க மாட்டோம். மொதல்ல நல்ல தண்ணில அலசுவோம். தண்ணி ஒண்ணுஞ் செய்யாது. உப்பு காஞ்சுதுன்னாத்தான் இரும்பத் திங்கும். நம்ம ஊரு கொழாத் தண்ணியும் உப்புதான், அதான் உப்பே இல்லாத பேட்டரித் தண்ணி." பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்கிலும் தேய்த்து இரண்டு கேனையும் காலி செய்தார். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும், பந்தயத்தில் ஜெயித்திருப்பார்.

போர்டு மொட்டைமாடிக்குப் போனது. அங்கே வெயில் படும் நல்ல இடம் ஒன்றுதான், அதில் ஏற்கெனவே நெத்திலிக் கருவாடு காய்ந்தது. ஒரே பாயில் ஒருபக்கம் நெத்திலி, ஒருபக்கம் மதர்போர்டு. மூன்று நாள் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து காக்கை விரட்டினாள். குற்ற உணர்ச்சி, உட்காரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். என்னோடு அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாமியார் தினமும் சாயங்காலம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளை விசாரிப்பதுபோல "இன்னைக்கு எப்பிடி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போவார்.

நான்காம் நாள் அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். கருகியது மின்சாரம் கொடுக்கிற பெட்டி மட்டும்தானாம், அதற்குத் தன் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சுவிட்சைப் போட்டார். 'ணொய்'. ஒரு வாய் காப்பி நேரம். படம் வந்தது.

"கர்த்தரே" என்றார் அண்ணாச்சி. சாமியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டேபிள் ஃபேன் கேபினெட் வழியாக ஊதிய காற்றில் வீடு முழுக்க நெத்திலி வாசம் அடித்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தவரை சூடேறினால் அந்த வாசம்தான். உங்கள் யாருடைய கம்ப்யூட்டருக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது.

மறுநாள் பகலில் எல்லாரும் எங்கள் வீட்டில். அண்ணாச்சி, சாமியார், பக்கத்து வீட்டுக்காரி. அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் கையை ஊன்றி உட்கார்ந்தார். அம்மா சமையற்கட்டு வாசலில்.  பட்டை மெதுவாகப் போய் நிரம்பியது, வெள்ளை நகரம் வந்தது. நான் கதாநாயகனைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டேன்.

அலை அசைந்தது. வெயில் மின்னியது. படகின் பின்னால் வெள்ளையாக நுரை நீண்டது. எல்லாம் இருந்தன, ஆனால் விட்டு விட்டு. நான் திருப்பும் பொத்தானை அழுத்தினால், படகு ஒரு கணம் கழித்துத்தான் திரும்பியது. அண்ணாச்சி உச்சுக்கொட்டினார். "நான்தான் சொன்னேனே. லேட்டாத் திரும்புது பாருங்க. இந்த டப்பாவுக்கு இதுதான் முடியும்."   அப்பாவின் கண் திரையைவிட்டு நகரவில்லை.

விளையாட்டில் வானம் இருண்டு மழை பிடித்தது. அலை உயர்ந்தது. நான் கரைக்குத் திரும்ப நினைத்துப் படகை வளைத்தேன், அது யோசித்து யோசித்து வளைந்தது. வலதுபக்கத்தில் பெரிய அலை ஒன்று எழும்பியது.

"ஏளா! ஏளா!" அப்பா எழுந்து நின்றுவிட்டார். "அலைய பக்கவாட்டுல வாங்காத, கவுந்துரும்! தலையத் திருப்பு! தலைய அலைக்குக் குடு! இப்பத் திருப்புனாத்தான் அப்பறம் திரும்பும், போட்டு லேட்டாத்தான கேக்கும்! வேகத்தக் கொற! கொறளா!"

நான் குறைத்தேன். படகின் தலை மெல்லத் திரும்பியது, அலை அடியில் புகுந்து அதைத் தூக்கியது, இறக்கியது. அப்பா மூச்சு விட்டார். அவருடைய இரண்டு கைகளும், அங்கே இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்தபடி காற்றில் நின்றன.

முதலில் சிரித்தவர் சாமியார்தான். அப்பா தன் கைகளைப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். "ஒங்களுக்கு லேட்டா தெரியுது அண்ணாச்சி," என்றார். "நம்ம போட்டும் சக்கரத்தத் திருப்பினா உடனே திரும்பாது. அதுதான் போட்டு." பிறகு என்னிடம், "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வெள்ளோட்டம். வெறும் வயித்தோட வராத" என்றார். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன.

மறுநாள் காலையில் படகுத்துறைக்குப் போனேன். அடித்த பெயிண்ட் இன்னும் வாசமடித்தது. சம்மாட்டியின் ஆட்கள் இரண்டு பேர் கயிற்றை அவிழ்த்தபடி என்னை ஒருமாதிரி பார்த்தார்கள், ஆனால் டிரைவர் மகள் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அப்பா படகிலிருந்து கையை நீட்டினார். அம்மா இட்லித் தூக்கோடு வழியனுப்ப வந்திருந்தாள். அன்றைக்கும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் ஏறப் போனபோது பின்னால் அவள் குரல் கேட்டது.

"ஏங்க. கால எங்கன வைக்கணும்?"

திரும்பினேன். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். திருவிழாவுக்கு மட்டும் கட்டும் நீலச் சேலையைக் கட்டியிருந்தாள், அதை நான் அப்போதுதான் கவனித்தேன். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணமாகிப் பதினைந்து வருடம், அவள் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "இந்தக் கட்டையில வை" என்றார்.  அம்மா எனக்கு முன்னால் ஏறினாள்.

படகு நகர்ந்ததும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "சாமியார்ட்ட அன்னைக்கு என்னம்மா சொன்ன?" என்று மட்டும் கேட்டேன்.

"அது நல்லா ஓடணும்னு சொன்னேன்" என்றாள் அம்மா. "கடலு வந்துரணும்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்லுவேன்?"

நான் அவள் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டேன். துறைமுகத்தின் நீண்ட கல் சுவரைத் தாண்டியதும் அசல் அலை வந்தது. என் நாற்பது நாள் ஓட்டுநர் அனுபவம் ஒன்றுக்கும் உதவவில்லை. தலை சுற்றியது, வயிறு புரண்டது, தின்ற இட்லி முழுவதையும் கடலுக்குக் கொடுத்தேன். சம்மாட்டியின் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் இடையிடையே சிரித்தேன், இடையிடையே வாந்தியெடுத்தேன்.

"போதுமாளா? திரும்பிருவமா?" என்று அப்பா சத்தமாகக் கேட்டார். நான் சரி என்று வேகமாகத் தலையை ஆட்டினேன்.

அம்மா அதற்குள் படகின் முன்பக்கத்துக்கே போயிருந்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னுங் கொஞ்சம் போங்க."

அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ படுத்துக்கோளா" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் படகை நேராக விட்டார்.